சேனை வைத்த கை

ஜூன் 15, வியாழன்

ஆஸ்பத்திரி அட்டையில் சுகர் எண்ணை எழுதக் கட்டம் இருக்கிறது. எரிச்சலை எழுதக் கட்டம் இல்லை. அதனால் இந்த டைரி.

எனக்குப் பதினாலு வயதிலிருந்து சுகர். மாத்திரை போட்டு நடைப்பயிற்சி போகிற சுகர் இல்லை. என் உடம்பில் இன்சுலின் சுரக்கவே சுரக்காது. வேளாவேளைக்கு நானே குத்திக்கொண்டால்தான் உயிரோடு இருப்பேன். இப்போது முப்பத்திரண்டு வயது, வயிற்றில் நாலாம் மாதம். ஒரு மாநிலமே என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறது. போன வாரம் எங்கள் ஸ்கூல் ஹெச்.எம். கூட, "உங்களுக்கு இது தேவைதானா டீச்சர்?" என்றார். "நீங்க மூணு பெத்தீங்களே சார், அது தேவையா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

டாக்டர் ரெஜினா இன்று பூசி மெழுகாமல் சொன்னார். "உங்க ரத்தந்தான் பிள்ளைக்கும் போகுது. உங்களுக்குச் சுகர் ஏறினா அதுக்கும் ஏறும். அளவுக்கு மேல பெருத்துரும், இதயத்தோட சுவர் தடிச்சுரும், வயித்துக்குள்ளயே நின்னு போனாலும் போயிரும். ஒழுங்கா குத்துனீங்கன்னா ஒண்ணும் ஆகாது." பிறகு மருந்தைப் பற்றிச் சொன்னார்: "ஃபிரிட்ஜ்ல வைங்க. குளிரணும், ஆனா உறையக் கூடாது. உறைஞ்ச மருந்து செத்த மருந்து."

மடியில் ஃபைலை வைத்திருந்த எங்கள் வீட்டுக்காரர், பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரித் திருப்பிச் சொன்னார். "குளிரணும், உறையக் கூடாது. சரி டாக்டர்."

கைலாசநாதன். அரசு அலுவலகத்தில் கிளார்க். திருநெல்வேலி டவுனே மெச்சும் பொறுமைசாலி. வரிசையில் ஒருத்தன் முன்னால் புகுந்தால், பின்னால் வருகிறவனுக்கும் சேர்த்து இடம் விட்டு நிற்பார். பெண் பார்க்க வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது, முன்மண்டையில் முடி இல்லை. எனக்குச் சுகர். தராசுத் தட்டு சமமாக நின்றது, கல்யாணம் நடந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஒன்றரை வருடத்தில் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

ஜூன் 22, வியாழன்

காலையில் 92. சாப்பிட்ட பிறகு 118. மூன்று இட்லி தின்கிற வயிற்றுக்கு ஒன்றரை இட்லியும் பயறும். எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

ஜூலை 20, வியாழன்

அத்தை, இவருடைய அம்மா, சங்கரன்கோவிலிலிருந்து வந்துவிட்டார்கள். பிள்ளை பிறக்கும் வரை இங்கேதானாம். கூடவே ஒரு பெட்டி நிறைய பூஜைச் சாமான்.

வந்ததும் ஃபிரிட்ஜைக் கழுவினார்கள். மேல் தட்டு சாமிக்கு: நைவேத்தியப் பால், அரைத்த சந்தனம், வில்வம். என் மருந்து டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தார்கள்.

"ஏளா ஆவுடை, இது என்னத்துல செய்யுதது?"

பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிற வாய் சும்மா இருக்குமா? "முன்னாடி பன்னி, மாட்டோட கணையத்துலருந்து எடுத்தாங்க அத்தை. இப்ப அப்படியில்ல, நுண்ணுயிர வச்சுச் செய்யுதாங்க. சுத்தச் சைவம்."

பன்னி என்ற சொல்லுக்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை. "சிவ சிவா" என்று டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி குளித்தார்கள். "சாமி பால் இருக்கப்பட்ட எடத்துல இத வைக்க முடியுமா?" என்றார்கள். நானும் விடவில்லை. "மருந்துக்கு ஏது அத்தை ஆசாரம்? இது இல்லைன்னா நான் இல்ல. ஃபிரிட்ஜை விட்டு இது வெளிய வராது."

இவர் நடுவில் நின்று, "கீழ்த் தட்டுல இருக்கட்டும். ரெண்டு பேரும் விடுங்க" என்றார். கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. சரி போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்கள்: "பிள்ளைக்குச் சேனை என் மவன் கையாலதான் வைக்கணும். இப்பமே சொல்லிட்டேன்." பிறந்த பிள்ளையின் வாயில் முதன்முதலாக விரலால் இனிப்பைத் தொட்டு வைப்பது சேனை. வைக்கிறவர் குணம் அப்படியே பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "அவன மாதிரிப் பொறுமையா வளரணும். வேற யாரு கொணமும் வந்துரக் கூடாது, ஆமா." வேற யார் என்று கேட்க வேண்டுமா? வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. அத்தை புளியோதரை, தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் செய்திருந்தார்கள். நான் தயிர்ச் சாதம் இரண்டு கரண்டி. பிறகு பார்த்தால் 174.

டாக்டரிடம் போனில் கேட்டேன். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு உடம்பு அதிக மருந்து கேட்கும், பயப்படாதீர்கள் என்று சொல்லி அளவைக் கூட்டினார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

காலையிலேயே 205. ராத்திரி சாப்பிட்டது ஒரு கோதுமைத் தோசை. மறுபடி அளவைக் கூட்டியாயிற்று. வயிற்றில் ஊசி குத்த இடம் தேட வேண்டியிருக்கிறது.

நான் ஸ்கூலில் இருக்கும்போது அத்தை யாரிடமோ, "வீட்ல சீனி டப்பா சீக்கிரமா காலியாவுது" என்று போனில் சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தைக்கும் இவருக்கும் காலையும் மாலையும் இரண்டு காப்பி, ஆளுக்கு மூன்று கரண்டி சீனி. காலியாகாமல் என்ன செய்யும்?

சாயங்காலம் இவர் சீனி டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்தார். என் பக்கம் பார்க்காமல், "உனக்கு ஆசையா இருந்தா எங்கிட்ட சொல்லு ஆவுடை. ஒளிச்சுச் சாப்பிட வேண்டாம்" என்றார். குரலில் அவ்வளவு கனிவு. பதினெட்டு வருடமாக நான் ஒரு லட்டை முழுசாகத் தின்றதில்லை என்று இந்த மனுஷனுக்கு எப்படிப் புரிய வைக்க?

ஆகஸ்ட் 22, செவ்வாய்

219. தூக்கத்தில் எழுந்து போய்த் தின்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அடுப்படியில் எறும்பு ஊர்கிறதா என்று பார்த்தேன். வெட்கக்கேடு.

செப்டம்பர் 10, ஞாயிறு

வளைகாப்பு. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வாய் ஊட்ட வந்தார்கள். நான் உதட்டில் தொட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். ஒரு பெரியம்மா, "ஒரு வாய் தின்னா செத்தா போயிருவ?" என்றாள். "நான் போகமாட்டேன் பெரியம்மா, உள்ள இருக்கது போயிரும்" என்றேன். இவர் அவசர அவசரமாக எல்லாருக்கும் பன்னீர் தெளித்தார்.

அம்மை என்னைப் பாளையங்கோட்டைக்கு, பிறந்த வீட்டுக்கு, கூட்டிப்போகத்தான் வந்தாள். காலாண்டுத் தேர்வு இருக்கிறது, அடுத்த மாதம் வருகிறேன் என்று நான்தான் அனுப்பிவிட்டேன்.

எல்லாரும் போன பிறகு 312.

செப்டம்பர் 14, வியாழன்

இதை எழுதுவது கோபத்தில்தான்.

ஸ்கேனில் பிள்ளை மாதத்துக்கு மீறிப் பெருத்திருக்கிறது. பனிக்குடத் தண்ணீரும் கூடுதல். டாக்டர் ரெஜினா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் கூட்டுன அளவுக்கு இந்நேரம் சுகர் தரையில கிடக்கணும். உண்மையச் சொல்லுங்க. என்ன சாப்பிடுதீங்க?"

"எழுதிக் கொடுத்தத மட்டுந்தான் டாக்டர்."

"பொய் சொல்லாதீங்கம்மா. மருந்து பொய் சொல்லாது."

என் பிள்ளையின் மேல் சத்தியம் செய்யலாமா என்று யோசித்தேன். அதற்கும் பயமாக இருந்தது. இவரைத் திரும்பிப் பார்த்தேன். கூடவே இருக்கிற ஆள், கூடவே சாப்பிடுகிற ஆள், ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று பார்த்தேன். அவர் ஃபைலின் ஓரத்தை நகத்தால் நிரடிக்கொண்டே சொன்னார்: "மாசமா இருக்கவங்களுக்கு ஆசை வரதுதானே டாக்டர். இனிமே நான் பாத்துக்கிடுதேன்."

வெளியே வந்ததும் எனக்கு இளநீர் வேண்டுமா என்று கேட்டார். அதற்குள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஓ, அதுவும் இனிப்புல்லா" என்றார்.

செப்டம்பர் 25, திங்கள்

பரீட்சை லீவு. நாள் முழுக்க வீட்டில். முருங்கைக்கீரை, வெள்ளரிக்காய், மோர். 248.

பசியில் தலை சுற்றுகிறது. அத்தை, "நாக்க அடக்கத் தெரியாதவ பிள்ளையச் சொமக்கக் கூடாது" என்று விளக்குத் திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரி பதில் சொல்லவில்லை, நான் சொன்னேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம், அவர்கள் பூஜை அறையில், நான் குளியலறையில். இவர் இரண்டு கதவுக்கும் நடுவில் செய்தித்தாள் படித்தார்.

அக்டோபர் 5, வியாழன், சாயங்காலம்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அவசரத்தில் இன்சுலின் ஊசிப் பேனாவைக் கட்டிலிலேயே விட்டுவிட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் நினைவு வந்தது. ஸ்கூலுக்கு எதிரில் மருந்துக் கடை. தமிழ் டீச்சர் பொற்கிளி ஓடிப்போய் அதே மருந்து, புதுசு, வாங்கிக்கொண்டு வந்தாள். டாக்டர் சொன்ன அதே அளவு குத்தினேன். தினமும் தின்கிற அதே இரண்டு சப்பாத்தி தின்றேன்.

பதினொன்று ‘பி’யில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். கரும்பலகை அலையடித்தது. ஜாக்கெட் தொப்பலாக நனைந்தது. சாக்பீஸ் விழுந்தது, அப்புறம் நான். கண்ணைத் திறந்தால் பொற்கிளி மடியில் கிடக்கிறேன், வாயெல்லாம் சீனித் தண்ணீர். "கண்ண மூடாதீங்க டீச்சர், கண்ண மூடாதீங்க" என்று கன்னத்தில் அறைந்துகொண்டிருக்கிறாள். சோதித்துப் பார்த்தால் 41. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் நானும் இல்லை, பிள்ளையும் இல்லை.

வயிற்றில் அசைவு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வந்தது. அப்புறம்தான் மூளை வேலை செய்தது. அதே ஆள், அதே அளவு, அதே சப்பாத்தி. மாறியது மருந்து மட்டும். அப்படியென்றால் இத்தனை நாள் நான் குத்திக்கொண்டது என்ன?

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். ஃபிரிட்ஜைத் திறந்தேன். கீழ்த் தட்டில் கத்தரிக்காய் மட்டும் இருந்தது. ஃபிரீசரைத் திறந்தேன். ஐஸ் தட்டுக்கு அடியில் என் மருந்து டப்பா. உள்ளே இருந்த, ஊசிப் பேனாவில் போடுகிற குப்பிகள் எல்லாம் கல்லாக உறைந்திருந்தன.

அத்தை பின்னாலேயே வந்து நின்றார்கள். ஒளிக்கவில்லை, பயப்படவில்லை. "நாந்தான் வச்சேன். வெளிய வைக்கக் கூடாதுன்ன, வைக்கல. சாமி பாலும் அதுவும் ஒரே எடத்துல இருக்கக் கூடாதுல்லா, அதான் தனி அறையில வச்சேன். நல்லாக் குளுந்த எடந்தானே? இன்னும் கெடாம இருக்கும்."

அவர்களை என்ன சொல்ல? அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனால் ஒன்று இடித்தது. நான் வீட்டில் இருக்கும்போதெல்லாம் டப்பா கீழ்த் தட்டில்தானே இருந்தது?

"சாயங்காலம் நீங்களா எடுத்துக் கீழ வைப்பீங்க?"

"நான் எதுக்கு அதத் தொட்டுத் தொட்டுக் குளிக்க? காலையில நீ போனப்புறம் ஒருக்கா, கரண்டியால தள்ளி வைப்பேன். சாயந்திரம் கைலாசு வந்து எடுத்து வச்சிருவான். ஆவுடை லீவுல இருக்க அன்னிக்கு வைக்காதம்மா, சண்டை வரும்னு அவந்தான் சொன்னான்."

நான் நம்பவில்லை. இத்தனைக்குப் பிறகும் நம்பவில்லை. டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டு, அடுப்படி மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான் வழக்கமாக வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். கால் கழுவினார். நேராக ஃபிரிட்ஜுக்கு வந்து, விளக்குக்கூடப் போடாமல், ஃபிரீசரைத் திறந்து ஐஸ் தட்டைத் தூக்கி டப்பாவை எடுத்தார். பழகின கை. முந்தானையால் துடைப்பது மாதிரி, துண்டால் அதை ஒற்றி ஒற்றித் துடைத்தார். திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"குளிரணும், உறையக் கூடாது. டாக்டர்கிட்ட அதத் திருப்பிச் சொன்னது யாரு?"

"ஆவுடை, கத்தாத. மொதல்ல உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன். யாரு சொன்னது?"

"நாந்தான்." டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். "ராத்திரிக்குள்ள எளகிருதுல்லா, அதான் ஒண்ணும் ஆகாதுன்னு... அம்மாட்டச் சொன்னா அழுவா. உங்கிட்டச் சொன்னா நீ வீட்ட ரெண்டாக்கிருவ. நடுவுல நான் என்ன செய்யட்டும், சொல்லு."

"டாக்டர் என்னைப் பொய்க்காரின்னு சொன்னாங்களே. பிள்ளை பெருத்துட்டுன்னு சொன்னாங்களே. அன்னைக்கு உங்களுக்குத் தோணலையா?"

துண்டால் டப்பாவை மறுபடி துடைத்தார்.

"தோணுச்சா, இல்லையா?"

"தோணுச்சு" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும் எனக்கு. சீனி டப்பாவைப் பரண்மேல் ஏற்றிய கை இது. ஒளிச்சுச் சாப்பிட வேண்டாம் என்று கனிவாகச் சொன்ன வாய் இது.

நான் போன் போட்டதும் கிளம்பிய அப்பா ஆட்டோவோடு வாசலில் வந்து நிற்கிறார். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

அக்டோபர் 7, சனி

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் புது மருந்தில் அளவு பார்க்கிறார்கள். டாக்டர் ரெஜினா விஷயத்தைக் கேட்டுவிட்டு என் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினார். "உங்களப் பொய்க்காரின்னு சொன்னது தப்பு. மருந்தையும் நான் சோதிச்சிருக்கணும்" என்றார். எல்லாரிலும் அவர் ஒருத்தர்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

பிள்ளையின் இதயச் சுவர் தடித்திருக்கிறது. பிறந்த பிறகு தானாகச் சரியாகலாம். ‘லாம்’ என்பதைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

பாளையங்கோட்டை. காலையில் 96. இந்த எண்ணைப் பார்த்து விம்மி விம்மி அழுதேன். வேண்டிய நேரத்தில் வராத 96.

அம்மை கேட்கிறாள்: "குடிச்சாரா? அடிச்சாரா? ஒரு அதட்டுப் போட்டிருப்பாரா? ஏதோ அறியாமச் செஞ்சுட்டாரு. அப்படி ஒரு சாது யாருக்குக் கிடைக்கும்?"

"அறிஞ்சுதாம்மா செஞ்சாரு."

"உனக்கு வாயி ஜாஸ்தி. அதான் பயந்துட்டாரு."

பாருங்கள், கடைசியில் குற்றவாளி என் வாய்.

அக்டோபர் 24, செவ்வாய்

இவர் தினமும் வந்து வாசலில் நிற்கிறார். பழம் வாங்கி வருகிறார். வாழைப்பழம்.

நவம்பர் 9, வியாழன்

நேற்றுக் காலை ஆபரேஷன். பெண். நாலு கிலோவுக்கு மேல். பார்த்தவர்கள் எல்லாம் "கொழுக் மொழுக்குன்னு இருக்கா" என்கிறார்களாம். அது கொழுப்பு இல்லை, இரண்டு மாதத்துப் பொய்.

அவள் அழவே இல்லை. முனகினாள். வயிற்றுக்குள் அவ்வளவு சீனியில் மிதந்தவளுக்கு வெளியே வந்ததும் சட்டென்று சுகர் இறங்கிவிட்டது. குழந்தைகள் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கிடந்தேன்.

அங்கே ஜெபசெல்வி என்று ஒரு சிஸ்டர். அந்தத் தளத்தில் அவர் திட்டாத ஆள் இல்லை. செருப்போடு வந்தால் திட்டு, எட்டிப் பார்த்தால் திட்டு, டாக்டர் தாமதமாக வந்தால் டாக்டருக்கும் திட்டு. மத்தியானம் என் கட்டிலுக்கு வந்து அதே குரலில் சொன்னார்: "உங்க பிள்ளை கண்ணு முழிச்சுட்டு. சுகர் இருபத்தஞ்சுல கிடந்துச்சு. டாக்டர் வர வரைக்கும் நான் காத்துட்டு நிக்கல. குளுக்கோஸ் பசையை விரலால எடுத்து வாயில தடவிட்டுத்தான் கூப்பிட்டேன். அதுக்கு எனக்குத் திட்டு. போங்கய்யான்னு சொல்லிட்டேன். அப்புறம் கையில டிரிப் போட்டிருக்கு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க, சோலி கிடக்கு" என்று உதறிவிட்டுப் போனார்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. பாப்பாவை இன்று காலை என் கையில் கொடுத்துவிட்டார்கள். டிரிப் எடுத்தாயிற்று. இதயத்தை மாதாமாதம் பார்க்க வேண்டும். அது சரியானால் என் அதிர்ஷ்டம், ஆகாவிட்டால் யார் பெயரைச் சொல்ல?

பத்து மணிக்கு அத்தை வந்தார்கள். பட்டுச் சேலை, கையில் வெள்ளிக் கிண்ணம், அதில் சர்க்கரைத் தண்ணீர். பின்னால் இவர், புதுச் சட்டையில், கதவோரமாக.

அத்தை பாப்பாவைப் பார்த்து அழுதார்கள். நிஜமான அழுகை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல நேரம் போறதுக்குள்ள சேனைய வச்சிருவோம். ஏ கைலாசு, வா. விரலக் கழுவிட்டு வா. உன் பொறுமை அப்படியே வரட்டும் பிள்ளைக்கு" என்றார்கள்.

இவர் விரலைக் கழுவிக்கொண்டு வந்தார். சொன்னதைச் செய்கிற மனுஷன். அம்மை பின்னால் நின்று, சும்மா இரு என்று என் தோளை அழுத்தினாள்.

"சேனை வச்சாச்சு அத்தை" என்றேன்.

"வச்சாச்சா? யாரு வச்சா? எப்ப வச்சா?"

அந்த நேரம் பார்த்து வெளியே ஜெபசெல்வி சிஸ்டர், ஒரு அறையில் ஒன்பது பேர் என்ன கும்மாளம், திருவிழாவா என்று யாரையோ காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். நடைபாதை முழுக்கக் கேட்டது.

"அந்தா கத்துதாங்கல்லா, அவங்கதான். பெறந்த அன்னைக்கே."

அத்தை கிண்ணத்தோடு நின்றுவிட்டார்கள். "அடப்பாவி! அவ கொணம்லா வந்துரும் பிள்ளைக்கு!"

"வரட்டும்."

இவர் ஈர விரலோடு அங்கேயே நின்றார். "ஆவுடை, பெரியவங்க மனசு..." என்று ஆரம்பித்தார்.

"உங்க கொணம் எம்பிள்ளைக்கு வேண்டாம்" என்றேன். கத்தவில்லை. இவ்வளவு மெதுவாக நான் பேசி அவர் கேட்டதில்லை. விரலைப் புதுச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மை என்னைத் திட்டினாள். அத்தை ஒரு பாட்டம் அழுதார்கள். இந்தச் சத்தத்தில் பாப்பா முழித்துக்கொண்டாள். முகம் சிவந்து, கையை முறுக்கி, பிறந்து முதல் முறையாகத் தொண்டை கிழிய அழுதாள். நடைபாதைக் கடைசியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம்.

"அமத்துளா, அமத்து" என்றாள் அம்மை.

நான் அமர்த்தவில்லை.